வலிப்பு நோயும் மூளைப் படமும்

வலிப்பு நோயைத் தெய்வக் குற்றமென்றும் பேய்க்கோளென்றும் கருதிய காலம் மிக நீண்டது. கிரேக்க நாட்டில் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூலொன்று, ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே, இந்நோய் மூளையிற் பிறப்பது என்று கூறிற்று. அங்ஙனமிருந்தும், வலிப்புற்று விழுந்த மாணவன் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கத்தை நான் பள்ளிப் பணியிலிருந்த நாளிலும் கண்டேன்.

மூளையில் எவ்விடத்தில் நோய் பிறக்கிறது? லண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1870-ஆம் ஆண்டையொட்டி, துடிப்பு கட்டைவிரலில் தொடங்குகிறதா, முகத்தில் தொடங்குகிறதா என உற்றுநோக்கி அவ்விடத்தை ஊகித்தார். ஊகம் சரியா என்றறியப் பெரும்பாலும் பிணப் பரிசோதனையே வழி. 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர், மண்டையோட்டைக் காட்டிற்றேயன்றி உள்ளிருக்கும் மென்மையான மூளையைக் காட்டவில்லை. பால்டிமோர் நகரத்து அறுவை மருத்துவர் வால்ட்டர் டாண்டி, 1918-இலும் 1919-இலும் மூளை நீரை வடித்து, அவ்விடத்தே காற்றைப் புகுத்திப் படமெடுத்தார். காற்று நிரம்பிய அறை கோணியிருந்தால் அருகே கட்டியுண்டு என்று கொள்ளலாம். ஆனால் நோயாளி பட்ட பாடு! தலை பிளக்கும் வலியும் வாந்தியும் உடன் வந்தன. 1929-இல் ஹான்ஸ் பெர்கர் வெளியிட்ட மூளை மின்னலைப் பதிவு பெருந்துணையே. எனினும் அது வரைகோடேயன்றிப் படமன்று.

1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் மூளைக் கட்டி ஐயுறப்பட்ட ஒரு பெண்மணியைக் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு அமைத்த கருவி படமெடுத்தது. அவர் மருத்துவரல்லர், இசைத்தட்டுகளால் புகழ்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியாளர். பல கோணங்களிற் செலுத்திய கதிர்களைக் கணிப்பொறி கூட்டி, மூளையைத் துண்டு துண்டாகக் காட்டிற்று. அதுவே சி.டி. ஸ்கேன். அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கருவி நம் நாட்டில் ஒரு புதிரை எழுப்பியது. வலிப்புற்ற பலருடைய படத்தில் சிறு வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி தென்பட்டது. காசநோய்க் கட்டியென்று கருதி, மாதக்கணக்கில் அதற்குரிய மருந்துகளைக் கொடுத்தனர். ஆயினும், வலிப்பு மருந்து மட்டுமே உண்டவர்க்கும் அப்புள்ளி மறைவதுண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அறுவை மருத்துவர்கள், 1980-களின் பிற்பகுதியில் அத்தகைய புள்ளிகளை எடுத்துச் சோதித்தபோது, பலவற்றில் இருந்தது காசமன்று. பன்றி நாடாப்புழுவின் இளம்புழு. 1989-இல் லான்செட் இதழில் அதனை அறிவித்தனர். அப்புழுவின் முட்டை, நாடாப்புழு கொண்டவரின் மலத்தால் மாசுற்ற நீர், காய்கறி வழியே வருவது. ஆகவே புலால் உண்ணாதாருக்கும் இந்நோய் வரும். தேவையற்ற காச மருந்தினின்று எத்தனையோ பேரை இக்கண்டுபிடிப்புக் காத்தது.

அடுத்து வந்தது காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. நெற்றிப்பொட்டின் உட்புறத்தே, கடற்குதிரை வடிவில் அமைந்த மூளைப்பகுதி வலிப்பாளரிடம் சுருங்கி இறுகியிருப்பதை, 1880-இல் வில்லெம் சோமர் இறந்தோர் மூளையிற் கண்டெழுதினார். சி.டி. பெரும்பாலும் தவறவிட்ட அக்குறையை, எம்.ஆர்.ஐ. உயிருள்ளவரிடத்தே காட்டிற்று. மருந்துக்கு அடங்காத வலிப்பை அறுவையால் தணிக்க அது வழிவிட்டது.

படம் மாசற்றிருந்தும் வலிப்பு வருவோர் பலர். ஆதலின் இன்றும் மருத்துவர், படத்தைப் பார்ப்பதற்கு முன், உடனிருந்தவரை அழைத்துக் கேட்கிறார்: எந்தக் கை முதலில் துடித்தது? கண்கள் எப்பக்கம் திரும்பின?