பேர் பதியாத வயசு

எங்க தோட்டத்துல ஒரு பிள்ளை பெரிய ஆளாயிருச்சுன்னு எப்ப சொல்லுவாங்க? சடங்கு வெச்ச அன்னைக்கு இல்ல, செக்ரோல்ல பேர் பதிஞ்ச அன்னைக்கு. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று கூலியை மூன்றாகப் பிரித்தது. பிள்ளைக் கூலியிலிருந்து பெரிய ஆள் கூலிக்கு ஏறுவதுதான் லயத்தில் வயசுக்கு வருவது.

என் பெரியம்மாவுக்கு அப்படிப் பேர் பதியவே இல்லை. 1965இல் ஹட்டன் பக்கம் பிறந்தவர். 1948 சட்டத்தால் அவருடைய அப்பா அம்மாவுக்கு நாடு இல்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது, அவர்களுடைய 'இயற்கை அதிகரிப்பு'டன். இயற்கை அதிகரிப்பு என்றால் வேறொன்றுமில்லை, பெரியம்மா மாதிரிப் பிறந்த பிள்ளைகள்தான்.

1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினி. 1977 ஆகஸ்டில் கலவரம். என் அம்மாவை அத்தை வீட்டில் விட்டுட்டு, தாத்தா மத்தவங்களோட வவுனியாவுக்குப் போனார். அப்படிப் போனவர்களை வைத்தியர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு காணிகளில் குடியேற்றியது.

வன்னி பாலைவனம் இல்லைதான். ஆனா வருஷம் பூரா ஈரம் கசியிற காம்பராவுல இருந்து போன பிள்ளைக்கு? "மிதிச்சா கால் சுடுற மண்ண அப்பத்தான் பாத்தேன்"னு பெரியம்மா சொல்வாங்க. அங்கதான் அவங்க வயசுக்கு வந்தாங்க. தண்ணி ஊத்தணும், கிணத்துல அடியில கொஞ்சம்தான் கிடந்துச்சாம். சீர் கொண்டுவர வேண்டிய தாய்மாமன் ஏற்கெனவே தலைமன்னார்ல கப்பல் ஏறி இந்தியா போயிட்டார். ஒரு ஒப்பந்தம் ஒரு சடங்குக்குள்ள எவ்வளவு தூரம் வரும்னு எனக்கு அப்பத்தான் விளங்கிச்சு. பக்கத்துக் குடிசைக்காரர் மாமா முறையில் நின்றாராம்.

அந்த நிலமும் நிலைக்கவில்லை. 1983 ஏப்ரலில் காந்தியம் தலைவர்களைக் கைது செய்தார்கள். ஜூலை 27இல் ராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 1984இல் கென்ட், டொலர் பண்ணைகளில் இருந்த மலையக அகதிகளை விரட்டிவிட்டு, சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வைத்தார்கள். நவம்பர் 30இல் புலிகள் அங்கே தாக்கியதில் அவர்களும் செத்தார்கள். ஒருத்தரைத் துரத்திய மண்ணில் இன்னொருத்தரைப் பலி வைத்த கதை.

வன்னி நம்மை அணைத்துக்கொண்டது என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் ஒப்பு. காடு வெட்டவும் வயல் வேலைக்கும் ஆள் வேண்டியிருந்தது. 'தோட்டக்காட்டான்' என்ற பட்டமும் கூடவே வந்தது. கிளிநொச்சி மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் போய்க் கேளுங்கள், காணி உறுதிக்கு நடந்த நடையைச் சொல்வார்கள்.

2003இல்தான் நாடற்றவர்களுக்குச் சட்டம் முழுசாகக் குடியுரிமை தந்தது. பெரியம்மாவுக்கு அப்போது 38 வயசு. "நான் ஒரு நாளும் கொழுந்து எடுத்ததில்ல, என்னையும் தோட்டத்து ஆள்னுதான் சொல்றாங்க"ன்னு சிரிக்கிறாங்க. அந்தத் தாய்மாமனோட பேரப்பிள்ளைகளைக் கோத்தகிரியில இன்னும் 'சிலோன்காரங்க'ன்னுதான் கூப்பிடுறாங்களாம்.