கூலி என்றொரு சொல்

ஊரைவிட்டு ஜனங்களைத் துரத்தக் கப்பல் வருவதற்கு முன்னால் ஒரு சொல் வந்துவிடுகிறது என்றே நான் நினைக்கிறேன். சாகோஸ் தீவுகளுக்கு வந்த சொல் ‘ஒப்பந்தத் தொழிலாளர்’.

இந்துமாக் கடலின் நடுவிலுள்ள இத்தீவுகளுக்கு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து தென்னந்தோப்பு போட்டார்கள். 1814இல் தீவுகள் பிரிட்டனுக்குக் கைமாறின. அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்தும் கூலிகள் போய்ச் சேர்ந்தார்கள். கொப்பரை, மீன், ஒரு கிரியோல் பேச்சு, பாட்டு, சர்ச், இடுகாடு என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். ஒரு மண் சொந்தமாக இதற்கு மேல் என்னய்யா வேண்டும்?

1965 நவம்பர் 8இல், விடுதலைக்குக் காத்திருந்த மொரீஷியஸிலிருந்து இத்தீவுகளைப் பிய்த்தெடுத்துப் புதுக் காலனி ஒன்றை பிரிட்டன் உண்டாக்கியது. அடுத்த வருஷமே தியாகோ கார்சியா ராணுவத் தளத்துக்காக அமெரிக்காவுக்கு 50 ஆண்டுகளுக்கு விடப்பட்டது. சிக்கல் ஒன்றுதான். நிரந்தரக் குடிகள் உண்டென்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே குடிகள் இல்லை. இருப்பவன் கூலிக்கு வந்தவன்; கூலி முடிஞ்சது, போயிட்டான். அவ்வளவுதானே?

1966ஆம் ஆண்டுக் கோப்பில், கடற்பறவைகள் தவிரப் பூர்வகுடி எவரும் இருக்கமாட்டார்கள் என்று ஓர் அதிகாரி குறிக்கிறார். சில டார்ஜான்களும் மேன் ஃப்ரைடேக்களும் உண்டு என்று இன்னொருவர் நக்கலாகச் சேர்க்கிறார். ராபின்சன் குரூசோ கதையில் வெள்ளைக்காரன் தன் வேலைக்காரனுக்கு வைத்த பெயர், மனிதர்களை அழிக்கும் நிர்வாகச் சொல்லாடலாகிறது. கடற்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கும் திட்டம் பற்றி 2009இல் அமெரிக்கர்களிடம் பேசிய பிரிட்டிஷ் அதிகாரியின் வாயிலும் அதே மேன் ஃப்ரைடே வந்ததை, 2010இல் விக்கிலீக்ஸ் வெளியிட்ட தூதரகச் செய்தி காட்டியது. 43 வருஷம் கழித்தும் அகராதி மாறவில்லை.

சொல்லுக்குப் பின்னால் செயல் வந்தது. வைத்தியத்துக்கு மொரீஷியஸ் போனவர்களிடம் திரும்பக் கப்பல் இல்லை என்றார்கள். 1971இல் அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்துப் புகைபோட்டுக் கொன்றார்கள். 1973க்குள் தீவுகள் காலி. மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டவர்கள் சேரிகளில் ஒதுங்கினார்கள். போர்ட் லூயிஸ் தெருவில் உண்ணாவிரதம் இருந்து போராட்டத்தை முன்னெடுத்தவர்கள் பெண்கள். 1982 நஷ்டஈட்டுக்கு, படிக்கத் தெரியாத ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்கி ஊர் திரும்பும் உரிமையையே எழுதி வாங்கப் பார்த்தார்கள்.

2000இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2004இல் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அரசாணை போட்டு வழியை அடைத்தார்கள். 2008இல் பிரபுக்கள் சபை 3க்கு 2 என்று அந்த ஆணையை உறுதி செய்தது. 2019இல் சர்வதேச நீதிமன்றம் தீவுகளைப் பிரித்ததே சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது. 2025 மே 22இல் மொரீஷியஸும் பிரிட்டனும் கையெழுத்திட்ட உடன்படிக்கை தீவுகளின் இறைமையை மொரீஷியஸுக்கு ஒப்புக்கொள்கிறது. தியாகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுகள் தளத்துக்கே ஒதுக்குகிறது. மற்ற தீவுகளில் குடியேற்றலாமாம். பேசியவை இரண்டு அரசுகள். தீவுக்காரர்களுக்கு மேசையில் நாற்காலி இல்லை.

2021இல் படகில் போன ஈழத்தமிழ் அகதிகள் இதே தியாகோ கார்சியாவில் மாட்டி மூன்று வருஷம் வேலிக்குள் கிடந்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. சொந்தக்காரன் உள்ளே வரக்கூடாது, அகதி வெளியே போகக்கூடாது. அதே தீவில் தளத்து வேலைக்கென்று பிலிப்பைன்ஸ்காரர்கள் கூட்டிவரப்பட்டார்கள். என்னவாக? ஒப்பந்தத் தொழிலாளர்களாக.