துவக்கும் அனுமதிப் பத்திரமும்

சென்ற மாரியில் ஒரு ஞாயிறு இரவு, குசினியைக் கழுவி மூடிக்கொண்டிருந்த நேரம், எங்களோடு வேலை செய்யும் கிறில் சமையற்காரர் மூன்று படிவங்களைக் கொண்டுவந்து மரக்கறி வெட்டும் மேசையில் வைத்தார். அவர் வட ஒன்ராறியோவில் பிறந்த வெள்ளைக்காரர். சிறு வயதில் தகப்பனோடு மான் வேட்டைக்குப் போய் வளர்ந்தவர். ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் பல வருடங்களாக உறுப்பினர். வேலை, வீடு, திரும்பவும் வேலை என்றே கிடக்கிறீர்கள், கழகத்தில் சேருங்கள், நாலு மனிதரைப் பழகலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். நல்ல மனிதர். எங்களில் யாருக்காவது கை வெட்டுப்பட்டால் முதலில் ஓடி வருகிறவர்.

நாங்கள் மூன்று பேர். முப்பது கடந்தவர்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பிறந்தவர்கள். இருவர் விமானத்திலும், ஒருவர் 2010 ஓகஸ்டில் 492 பேரோடு வன்கூவர் தீவில் கரை சேர்ந்த 'சன் சீ' கப்பலிலும் வந்தவர்கள். ஒருவர் வரலாற்றுப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டவர். இதை எழுதுகிற கை அவருடையது, சொல்வது மூவரும்.

கடைசி பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது தொடங்கிய வாக்குவாதம் மூன்று மாதம் நீண்டது.

"அண்ணை, சேர்ந்தா என்ன? இஞ்சை இது ஒரு விளையாட்டுத்தானே."

"உனக்கு விசரே? துவக்கு எண்டு வாயாலை சொல்லவே பயந்து திரிஞ்சனாங்கள்."

"அது அங்கை. இஞ்சை லைசென்ஸ் தருவாங்கள்."

"லைசென்ஸ் எண்டால் என்னெண்டு என்ரை அப்பப்பாட்டைக் கேட்டிருக்க வேணும் தம்பி."

அந்த அப்பப்பாவிலிருந்தே தொடங்குவோம். வரலாற்றுக் கட்டுரைக்கு அப்பப்பாமாரை ஆதாரமாகக் காட்டக்கூடாது என்று விரிவுரையாளர்கள் சொல்லுவார்கள். பட்டம் முடிக்காதவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

முல்லைத்தீவுப் பக்கம் அவருக்கு வயல் இருந்தது. இரவில் பன்றி இறங்கும், சில வருடங்களில் யானையும் வரும். ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று வைத்திருந்தார். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் அன்றும் நடைமுறையில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதன்படி வருடா வருடம் கச்சேரிக்குப் போய் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அவர் அதற்கென்றே ஒரு வெள்ளை வேட்டி வைத்திருந்தாராம். துவக்கு வைத்திருப்பதைவிட, துவக்கு வைத்திருக்கத் தகுந்தவன் என்று அரசாங்கம் எழுதித் தந்திருக்கிறது என்பதிலேதான் அவருக்குப் பெருமை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஓர் இரவு, பெடியள் சிலர் வந்து மரியாதையாகக் கேட்டுத் துவக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். யார் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து ஒரு சுற்றிவளைப்பில் வேறு ஆட்கள் வந்தார்கள். அவர்களிடமும் பட்டியல் இருந்தது. "உன் பெயரில் துவக்கு இருக்கிறதே, எங்கே?" அப்பப்பா அந்தத் துண்டை எடுத்துக் காட்டினார். காட்டியிருக்கக் கூடாது. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தவர் பிறகு வலது காதால் சரியாகக் கேட்கவில்லை. முதலில் வந்தவர்கள் யார், பிறகு வந்தவர்கள் யார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் அந்த லைசென்ஸ் மட்டும் பெட்டிக்குள் கூடவே வந்தது.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1971 ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி செய்தபோது இளைஞர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் வீடுகளில் எடுத்த வேட்டைத் துவக்குகளும் தாங்களே செய்த குண்டுகளும்தான். 1987–89 கிளர்ச்சியிலும் வீடு வீடாகத் துவக்குச் சேர்த்தார்கள். துருக்கியரின் 'துஃபெக்' என்ற சொல்தான் பல வாய் மாறித் தமிழில் துப்பாக்கியும் துவக்கும் ஆனது, சிங்களத்தில் துவக்குவ ஆனது. இவ்வளவு காலம் ஆளை ஆள் சுட்ட இரண்டு சனமும் அந்தச் சாமானுக்கு ஒரே சொல்லை வைத்திருப்பதைப் பற்றி யாராவது விரிவாக எழுதவேண்டும்.

இனி, இந்தக் கழகங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். பொழுதுபோக்காக அவை தொடங்கவில்லை. 1866 ஜூனில் அமெரிக்காவிலிருந்து ஐரிஷ் பெனியன் படையினர் எல்லை தாண்டியபோது, ரொறன்ரோவின் தொண்டர் படையினர் ரிட்ஜ்வே என்ற இடத்தில் தோற்றார்கள். பலர் அதற்கு முன் சுட்டுப் பழகியதே இல்லை. செத்தவர்களில் மூவர் ரொறன்ரோப் பல்கலைக்கழக மாணவர்கள். குயின்ஸ் பார்க்கின் மேற்குப் பக்கத்தில் அவர்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. படிப்பை முடிக்காதவர்கள் என்ற முறையில் அதைக் கடந்து போகும்போது நாங்கள் கொஞ்சம் நிற்பது வழக்கம். இரண்டு வருடம் கழித்து, 1868இல், கனடிய றைபிள் சங்கம் அமைக்கப்பட்டது. குடிமகன் சுடத் தெரிந்தவனாக இருக்கவேண்டும் என்பதே நோக்கம்.

அடுத்த உந்துதல் தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. 1899இல் தொடங்கிய யுத்தத்தில் போயர் விவசாயிகள் தூரத்தில் மறைந்திருந்து பிரித்தானியச் சிப்பாய்களைக் குறிதவறாமல் வீழ்த்தினார்கள். சாம்ராச்சியம் வெட்கப்பட்டுப் போனது. 1901இல் இங்கிலாந்தில் உழைக்கும் மனிதருக்கான றைபிள் கழகங்களுக்கென்றே ஒரு சங்கம் உண்டானது. கனடா அந்த யுத்தத்துக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பியது. இலங்கையிலிருந்தும் ஒரு குதிரைப்படைப் பிரிவு போனது. தோட்டத் துரைமாரின் றைபிள் படை அமைந்ததும் அதே 1900இல்தான். அதில் வெள்ளைக்காரர் மட்டுமே சேரலாம். அவர்களுக்குக் கீழே கொழுந்து பறித்த சனத்துக்கு அங்கே துவக்கைத் துடைக்கிற வேலைகூடக் கிடைத்திருக்காது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொன்று. பிடிபட்ட போயர்களில் ஐயாயிரம் பேரளவில் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவந்து, மலைநாட்டில் தியத்தலாவ முகாமில் அடைத்தார்கள். சுடத் தெரிந்ததற்காகச் சாம்ராச்சியத்துக்கே பாடம் கற்பித்த மனிதர்கள் அங்கே கம்பிவேலிக்குள் இருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் அதே தியத்தலாவ இலங்கை இராணுவத்தின் பயிற்சி நிலையமானது. எங்கள் பக்கம் வந்த அதிகாரிகள் பலர் அந்தக் குளிரில்தான் சுடப் பழகியிருப்பார்கள்.

ரொறன்ரோவுக்கு வருவோம். யூனியன் ஸ்ரேசனுக்குள்ளால் தினமும் போய்வருகிற எத்தனை பேருக்கு அதன் மேல்மாடியில் ஒரு சுடுகூடம் இருந்தது தெரியும்? நிலையம் திறந்த 1927ஆம் ஆண்டிலிருந்தே அது இருந்தது. புகையிரதத் தொழிலாளரின் பொழுதுபோக்குச் சங்கம் நடத்தியது. பிற்காலத்தில் கைத்துப்பாக்கிக் கழகமாக வெளியாரும் சேர்ந்தார்கள். ஸ்காபுறோவிலும் ஒன்று இருந்தது, கெனடி சப்வேக்குப் பக்கத்திலுள்ள நகரசபைச் சமூக நிலையத்தில். எங்கள் சனம் பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போகிற வட்டாரம் அது.

2005இல் இந்த நகரில் 52 பேர் துவக்கால் கொல்லப்பட்டார்கள். பத்திரிகைகள் அதைத் துவக்கின் ஆண்டு என்றே எழுதின. அதற்குப் பிறகு மேயர் டேவிட் மில்லர் கைத்துப்பாக்கிகளை நாடு முழுவதும் தடைசெய்யக் கேட்டார். அது அவருடைய அதிகாரத்தில் இல்லை. அதிகாரத்தில் இருந்ததைச் செய்தார்: நகரசபைக் கட்டடங்களில் சுடுகழகங்கள் இருக்கக்கூடாது என்று 2008 ஜூனில் சபை தீர்மானித்தது. யூனியன் ஸ்ரேசன் கழகமும் ஸ்காபுறோக் கழகமும் வெளியேற வேண்டியதாயிற்று. எங்கள் சமையற்காரர் இதைச் சொல்லும்போது இன்றும் கரண்டியை அடித்து வைப்பார். குற்றங்களில் பிடிபடும் கைத்துப்பாக்கிகளிற் பெரும்பகுதி அமெரிக்க எல்லை தாண்டி வருபவை என்று பொலிஸே சொல்லிவந்திருக்கிறது. அந்த வகையில் அவருடைய கோபம் நியாயம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்திக்கு, தன் வரிப்பணத்துக் கட்டடத்தில் வெடிச் சத்தம் கேட்கக்கூடாது என்று தோன்றினால் அதையும் பிழை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அவருடைய பெரிய பயம் பட்டியல்தான். கனடாவில் 1934இலிருந்து கைத்துப்பாக்கிகளுக்குப் பதிவு உண்டு. 1989 டிசம்பர் 6ஆம் திகதி மொன்றியல் பொறியியற் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டபின் எழுந்த போராட்டம் 1995இன் சுடுகலன் சட்டத்தில் முடிந்தது. நீண்ட துவக்குகளுக்கும் பதிவேடு வந்தது. கிராமத்து வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். 2012இல் அந்தப் பதிவேடு ஒழிக்கப்பட்டது. தன் மாகாணத்துப் பதிவுகளையாவது காப்பாற்றக் கியூபெக் உச்ச நீதிமன்றம்வரை போய் 2015இல் தோற்றது. "பட்டியல் இருந்தால் ஒரு நாள் வந்து எடுப்பார்கள்" என்பது சமையற்காரரின் வாதம். 2020 மே மாதத்தில் ஆயிரத்தைந்நூறு வகைத் துவக்குகள் தடைசெய்யப்பட்டதையும், 2022 ஒக்ரோபர் 21இலிருந்து கைத்துப்பாக்கி விற்பனையும் கைமாற்றமும் முடக்கப்பட்டதையும் அதற்குச் சாட்சியாகச் சொல்வார். அப்பப்பா உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் பேசுவதற்கு நிறைய இருந்திருக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தன் துவக்கு பட்டியலில் ஏறிவிடும் என்று அவர் பயப்படுகிறார். நாங்களோ துவக்கே இல்லாமல் பட்டியலில் இருந்து வந்தவர்கள். 2006 ஏப்ரலில் கனடா விடுதலைப் புலிகளைத் தடைசெய்யப்பட்ட இயக்கமாக அறிவித்தது. அதன்பின் வந்த எங்களிடம் விசாரணைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: "துவக்குப் பிடித்திருக்கிறாயா?" மூவரும் இல்லை என்றே சொன்னோம். 2008இலும் 2009இலும் வன்னியில் இருந்த ஓர் இளைஞனுக்கு அந்தக் கேள்வியின் பொருள் என்ன, விருப்பம் என்ற சொல்லுக்கு அங்கே இடம் இருந்ததா என்று கேட்டவர்கள் கேட்கவில்லை. எங்கள் மூவரில் ஒருவர் சொன்னது உண்மையல்ல. யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. 'நாங்கள்' என்று எழுதுவதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

படிவத்தை மொழிபெயர்த்து வாசித்தபோது அது மூவருக்கும் விளங்கியது. கழகத்தில் சேர்ந்து சொந்தமாகத் துவக்கு வைத்துச் சுடுவதானால் பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, முதல் விண்ணப்பத்துக்கு ஆகக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. 2021இலிருந்து கடந்த ஐந்து வருடத்தை மட்டுமல்ல, வாழ்நாள் முழுவதையும் பார்க்கிறார்கள். அனுமதி கிடைத்தபின் ஒவ்வொரு நாளும் பொலிஸ் பதிவுகளோடு பெயரை ஒப்பிடுகிறார்கள். நல்ல சட்டம்தான். அது இல்லாத அமெரிக்காவைப் பார்க்கிறோமே. ஆனால் வாழ்நாள் முழுவதையும் என்றால் எங்களுக்கு எந்த வாழ்நாளை?

தம்பி மட்டும் விடவில்லை. "எங்களைப் பாத்துப் பயப்பிடாத ஒரு இடத்திலை, கையிலை துவக்கோடை, மனிசராய் நிண்டு பாக்க வேணும் அண்ணை" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, மூவருக்கும் ஓய்வு, சமையற்காரர் தன் காரில் எங்களை லோங் பிராஞ்சுக்குக் கூட்டிப்போனார். நகரின் மேற்கு எல்லை, வாவிக்கரை. 1940இல் அங்கே அரசாங்கம் துவக்குத் தொழிற்சாலை அமைத்தது. யுத்தகாலத்தில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட லீ என்பீல்ட் றைபிள்களைச் செய்தார்கள். செய்தவர்களில் பெரும்பான்மை பெண்கள். எங்கள் தகப்பன்மாரின் காலத்தில் யாழ்ப்பாணப் பொலிஸ்காரரின் தோளில் தொங்கிய 'த்ரீ நொட் த்ரீ' அந்தக் குடும்பத்துத் துவக்குத்தான். வட கனடாவின் ஆதிக்குடிக் காவல் றேஞ்சர்கள் அண்மைக்காலம்வரை அதைத்தான் வைத்திருந்தார்கள். இப்போது பரிசோதனைக் கட்டடம் ஒன்று மட்டும் கலைநிலையமாக மிஞ்சியிருக்கிறது. பக்கத்துப் பற்றைக்குள் பழைய சுடுகளத்தின் மரச்சுவர்கள் நிற்கின்றன.

அங்கே சமையற்காரர் ஒரு தடியை எடுத்து, தோளில் எப்படி வைப்பது, கன்னத்தை எங்கே பதிப்பது என்று காட்டினார். தடி கைமாறி வந்தது. இரண்டு பேர் விளக்குமாறு பிடிப்பதுபோலப் பிடித்தோம். மற்றவர் வாங்கியதும் கால் தானாக அகன்றது, முழங்கை இறங்கியது, மூச்சு நின்றது. "உனக்கு இது இயல்பாக வருகிறது" என்று சமையற்காரர் மகிழ்ந்து போனார். தடி கீழே விழுந்தது. திரும்பும் வழியில் ஒருவரும் கதைக்கவில்லை. கழகத்தைப் பற்றித் தம்பியும் பிறகு கதைக்கவில்லை.

மறுநாள் படிவங்களை நிரப்பாமலே திருப்பிக் கொடுத்தோம். வகுப்பு சனி ஞாயிறில் வருகிறது, எங்களுக்கு லீவு கிடைக்காது என்றோம். அதுவும் உண்மைதான். அவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். என்ன விளங்கியதோ தெரியாது. மே மாதம் மீன் பிடிக்கப் போகலாம், ஒரு திங்கட்கிழமை, என்றார். அதற்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம்.