ஆகாயத் தபாலும் தரையில் போன நேரமும்

சென்னைக்கு வாடிக்கையான விமானத் தபால் 1932 அக்டோபர் 16 முதல் வரத் தொடங்கியது. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் 1929 முதலே கராச்சி வரை வந்துகொண்டிருந்தாலும், அங்கிருந்து சென்னைக் கடிதங்களுக்கு ரயில்தான் கதி. அந்த மிச்சத் தூரத்தைப் பறந்து கடக்க டாடா நிறுவனம் முன்வந்தது. அக்டோபர் 15 காலையில் ஜே.ஆர்.டி. டாடா ஒற்றை எஞ்சின் ‘புஸ் மாத்’ விமானத்தில் கராச்சியிலிருந்து கிளம்பினார். அகமதாபாத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் வந்த பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, பிற்பகலில் பம்பாயின் ஜுஹு திடலை அடைந்தார். அங்கே தபாலை வாங்கிக்கொண்ட நெவில் வின்சென்ட், பெல்லாரியில் இரவு தங்கி மறுநாள் சென்னை வந்துசேர்ந்தார்.

அந்த வழி ஏறக்குறைய 2,100 கி.மீ. மணிக்கு சுமார் 160 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் அதை 13 மணி நேரத்தில் கடந்துவிடும். மீதி நேரமெல்லாம் தரையில் கழிந்தது. விமானத்தில் ரேடியோ கிடையாது, வழியில் வழிகாட்டும் விளக்குகளும் கிடையாது. பொழுது சாய்வதற்குள் இறங்கியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் ஜுஹு திடலில் தண்ணீர் தேங்கிவிடும் என்பதால் விமானங்கள் பூனாவுக்கு இடம் மாறின. 1938இல் இந்தச் சேவை கொழும்பு வரை நீண்டது.

வீணாகிப்போன இரவைப் பயணத்துக்கே திருப்பிய ஏற்பாடு 1949 ஜனவரி 30 அன்று வந்தது. சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் விமானங்கள் கிளம்பும். நள்ளிரவு வாக்கில் நாக்பூரில் கூடும். தபாலையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பும். சென்னையிலிருந்து டெல்லி போகிறவருக்கு இதில் சுற்றே இல்லை. நாக்பூர் கிட்டத்தட்ட நேர்கோட்டிலேயே, பாதி வழியில் இருக்கிறது. பம்பாய் போகிறவர் கதை வேறு. நேரே போனால் சுமார் 1,030 கி.மீ.; நாக்பூர் வழியே ஏறத்தாழ 1,600 கி.மீ. ஆனாலும் மாலை வரை சென்னையில் வேலை பார்த்துவிட்டு மறுநாள் காலை பம்பாயில் இறங்கலாம் என்பதால், தூரம் கூடியதை யாரும் பெரிதுபடுத்தக் காரணமில்லை. நடுராத்திரியில் நாக்பூரில் விழித்திருக்க வேண்டியிருந்தது மட்டும் சங்கடம்.

1953இல் விமானப் போக்குவரத்து தேசியமயமானது. 1960களில் ஜெட் விமானங்கள் வந்தன. இன்று மும்பைக்கு இரண்டு மணி நேரம், டெல்லிக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு.

தரை அதன் பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலமாகக் கட்டப்பட்டது. அதே ஆறுதான் கிழக்கே இறங்கிக் கோட்டூர்புரத்தை ஒட்டிக் கடலுக்குப் போகிறது. 2015 டிசம்பர் 1 இரவு ஆறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பும் ஓடுபாதையும் ஒரே வெள்ளத்தில் மூழ்கின. விமான நிலையம் பல நாட்கள் மூடிக்கிடந்தது. அவசரமாகப் போக வேண்டியவர்களுக்காக அரக்கோணம் கடற்படைத் தளமான ராஜாளியிலிருந்து விமானங்கள் இயக்கப்பட்டன. ஹைதராபாத்துக்கு ஒரு மணி நேரம் பறக்க, முதலில் வெள்ளத்தைத் தாண்டி 70 கி.மீ. சாலையில் போக வேண்டியிருந்தது.