மாத்திரைப் புட்டியின் மூடி

'ரெமிசியோன்' என்ற பிரெஞ்சுச் சொல்லை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூடத்து ஜெபத்தில். பாவமன்னிப்பு என்று அர்த்தம். புற்றுநோய் தணிந்து அடங்கியிருக்கும் நிலைக்கும் டாக்டர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. ஆங்கிலத்தில் ரெமிஷன். அந்தப் பெயரில் ஒரு வீடியோ கேம் உண்டு. புது மருந்தைச் சோதிப்பதுபோல அதைச் சோதித்தும் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகள் போனும் கையுமாக இருப்பதைத் திட்டும் என் வயதுக்காரர்களுக்காக அந்தக் கதையை எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் சிகிச்சை ஆஸ்பத்திரியோடு முடிவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு அம்மா ஊட்டிவிடுவாள். பதினைந்து, பதினாறு வயதுப் பையன் என்ன செய்வான்? உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும், மாத்திரையோ குமட்டும், ஒருநாள் விடுவான், பிறகு இரண்டு நாள். விட்ட மாத்திரைக்கு விலையாக நோய் திரும்பி வரலாம். உபதேசம் அந்த வயதில் ஏறாது.

இதற்கு விளையாட்டால் வழி காணலாம் என்று நினைத்தவர் பமேலா ஒமிடியார். ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். மாலையில் வீடியோ கேம் ஆடும் பழக்கமும் உள்ளவர். கணவர் பியேர், ஈபே கம்பெனியைத் தொடங்கியவர், பிறந்தது பாரிஸில். (பியேர் என்ற பெயரைப் பார்த்ததும் எங்கள் ஊர்க்காரர்போல எனக்கு ஒரு ஒட்டுதல்!) பமேலா 2001இல் கலிபோர்னியாவில் ஹோப்லேப் என்ற அமைப்பைத் தொடங்கினார். டாக்டர்கள், மனநல ஆய்வாளர்கள், நோயாளிப் பிள்ளைகள் என எல்லோரையும் கேட்டுக்கேட்டு உருவான 'ரீ-மிஷன்' 2006இல் வெளிவந்தது.

ஆட்டத்தில் ராக்ஸி என்ற குட்டி ரோபோப் பெண் நோயாளியின் உடம்புக்குள் பறந்துபோய்ப் புற்றுச் செல்களைச் சுடுகிறாள். கதையில் வரும் நோயாளி மருந்தை விட்டால் அவள் துப்பாக்கி இடையிடையே சுடாமல் போகும். தப்பித்த செல்கள் மருந்துக்கு அடங்காதவையாக மாறும். நூறு முறை சொன்னாலும் புரியாதது அங்கே தோற்றுப்போனால் புரிந்துவிடும்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. சர்க்கரை நோய்ப் பிள்ளைகளுக்காக இரண்டு யானைகள் வரும் 'பேக்கி அண்ட் மார்லன்' என்ற ஆட்டத்தை 59 பிள்ளைகளிடம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். அவசரமாக டாக்டரிடம் ஓடுவது குறைந்திருந்தது. ஆனால் 59 பேர் என்பது சின்னக் கணக்கு.

ரீ-மிஷன் சோதனை பெரியது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 34 மருத்துவ நிலையங்கள். 13 முதல் 29 வயது வரை 375 நோயாளிகள். எல்லோருக்கும் ஒரு சின்னக் கணினியும், கடையில் விற்கும் ஒரு இந்தியானா ஜோன்ஸ் ஆட்டமும் கொடுத்தார்கள். குலுக்கல்போல் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ரீ-மிஷனும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது, மூன்று மாதம் ஆடச் சொன்னார்கள். வெறுமனே விளையாடிய குஷியால் வந்த பலனா, இந்த விளையாட்டால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க இதுதான் வழி. எல்லோரும் சொன்னபடி ஆடிவிடவில்லை. ஆடாதவர்களை நைசாகக் கழித்துவிடாமல், அவர்களையும் வைத்தே கணக்குப் போட்டார்கள். எழுத்தராக இருந்தவனுக்கு இந்த நேர்மையின் அருமை தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த ஏற்பாடு. தொற்று வராமல் தடுக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைப் புட்டிக்கு மின்னணு மூடி போட்டார்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் அதில் பதிவாகும். திறந்தவன் விழுங்கினானா என்று மூடிக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். நியாயமான கேள்வி. 6-எம்பி என்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தையே எடுத்து, மருந்து உடம்பில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார்கள்.

முடிவு 2008இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. ரீ-மிஷன் ஆடியவர்கள் இரண்டு மருந்தையுமே மற்றவர்களைவிட ஒழுங்காக எடுத்திருந்தார்கள். நோயைப் பற்றிய அறிவும், சமாளித்துவிடலாம் என்ற தைரியமும் கூடியிருந்தன. மன உளைச்சலில் வித்தியாசமில்லை. அதைவிட வேடிக்கை ஒன்று. "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?" என்ற கேள்விக்கு அவர்களே சொன்ன பதில்களை மட்டும் பார்த்தால், இரு பக்கத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை! மூடியும் ரத்தமும் இல்லாமல் படிவத்தை மட்டும் நிரப்பியிருந்தால், பலனில்லை என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். நான் எத்தனை கோப்புகளை "விசாரித்ததில் சரியாக உள்ளது" என்று எழுதி மூடியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

2013இல் 'ரீ-மிஷன் 2' என்று இணையத்திலேயே இலவசமாக ஆடக்கூடிய சின்னச்சின்ன ஆட்டங்களும் வந்தன.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டம்மா உள்ளேயிருந்து, "பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். பிறகு எழுந்துபோய் அட்டையைப் பார்த்தேன். நேற்றையதும் அப்படியே இருந்தது.