தீவுத் தாவரங்கள்: கிண்டி வனம்

கடல் சூழ்ந்த நிலத்தில் தனித்து வளரும் தாவரங்கள், பெருநிலத்திலுள்ள தம் இனத்தாரினின்று காலக்கிரமத்தில் வேறுபட்டுப் போவதைத் தாவர சாஸ்திரத்தின் ஒரு தனித்துறையாக வளர்த்தெடுத்தவர்களுள் ஜோசப் ஹூக்கர் முதன்மையானவர். 1866-இல் நாட்டிங்ஹாம் நகரில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு இத்துறையின் மூல நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. செயின்ட் ஹெலினா, ஹவாய் முதலிய தீவுகளில் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள் மரங்களாய் நிமிர்ந்து நிற்பது இதற்குப் பிரசித்தமான உதாரணம். தீவு சிறுத்தும் சேய்மைப்பட்டும் இருக்குமளவிற்கு அதில் நிலைக்கும் இனங்களும் குறையும் என்ற கோட்பாட்டை மெக்கார்தரும் வில்சனும் 1967-இல் நூலாக வெளியிட்ட பின்னர், பள்ளத்தாக்குகளால் பிரிக்கப்பட்ட மலைமுடிகளும், ஊர்களால் வளைக்கப்பட்ட காடுகளுங்கூடத் தீவுகளாகவே ஆராயப்படலாயின. இமயத்துச் சுற்றத்தாரினின்று நெடுந்தூரம் பிரிந்து நீலகிரியில் செந்நிறமாய்ப் பூக்கும் காட்டுப்பூவரசு அத்தகைய மலைத்தீவின் குடி.

சென்னையில் நங்கநல்லூருக்கு வடகிழக்கே, சிறிது தொலைவிலுள்ள கிண்டி வனமோ நம் காலத்தில் மனிதரே உண்டாக்கிய தீவு. சோழமண்டலக் கரையோரம் பரவியிருந்த வறண்ட பசுமைமாறாக் காட்டின் எச்சமாகிய இது, 1910-இல் ஏறத்தாழ 505 ஹெக்டேர் பரப்புள்ள ஒதுக்குக் காடாக இருந்தது. பின்னர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் நினைவு மண்டபங்களுக்கும் பிற ஸ்தாபனங்களுக்கும் பகுதி பகுதியாக நிலம் பிரிந்துபோக, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியது சுமார் 270 ஹெக்டேரே. 1980-களின் பிற்பகுதியில் பூங்காவிற்கும் அதனை அடுத்த ஆளுநர் மாளிகை, கழக வளாகம் ஆகியவற்றிற்கும் இடையே சுவர்கள் எழும்பின. காண வருவோர் மான்களையே தேடுகின்றனர். ஆயினும் 350-க்கு மேற்பட்ட தாவர இனங்களே இவ்வனத்தின் ஜீவாதாரம் என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

களா, காரை, கொஞ்சி முதலிய இம்மண்ணுக்குரிய புதர்களுக்குச் சுவர் ஒரு தடையன்று. அவற்றின் கனியை உண்ணும் குயிலும் கொண்டைக்குருவியும், மரக்கனிகளை நாடும் பழந்தின்னி வௌவாலும் வித்துக்களைச் சுவருக்கு அப்பாலும் கொண்டு செல்கின்றன. தரையில் நடக்கும் பிராணிகளையே நம்பிய இனங்களின் நிலை அவ்வாறன்று. சில நூறு தனிமரங்களாகக் குறுகிய கூட்டம் தன்னுள்ளேயே மகரந்தம் கலந்து கலந்து பரம்பரை வேற்றுமைகளை இழக்கிறது. தற்செயலாக ஒரு குணம் அழிந்துபட்டால் அதை மீட்டுத் தரும் அயற்கூட்டம் அருகில் இல்லை. மரங்களின் தலைமுறை நீண்டதாகையால், கடல்தீவுகளிற்போலப் புதிய இனம் தோன்றுவதை ஒரு நூற்றாண்டுக்குள் எதிர்பார்ப்பது பேதைமை. சிறுமையினால் விளையும் நலிவு அதற்கு வெகுமுன்னரே வந்துவிடும். இதனிடையே, அயல்நாட்டுச் சீமைக்கருவேலம் சுதேசிச் செடிகளின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது.

மரக்காணத்தை அடுத்த புத்துப்பட்டுக் கோயில்காடும், கோடிக்கரையும் இதே காட்டினத்தின் பிற துண்டுகளாயினும் வெகுதூரத்தவை. ஆகையால் பூங்காவையும் ஆளுநர் மாளிகைத் தோப்பையும் கழக வளாகத்தையும் மூன்று நிர்வாகங்களின் தனிச்சொத்துக்களாக எண்ணாமல், ஒரே தாவரக் கூட்டமாகப் பாவித்து, ஒன்றில் அருகிய இனத்தின் வித்தை மற்றொன்றினின்று எடுத்து ஊன்றி வளர்ப்பதே கிண்டி வனத்துக்கு அவசியமான பரிகாரம்.