நாட்குறிப்பும் நாவலும்



நூலால் வரும் பயன் அறம், பொருள், இன்பம், வீடு என நான்காக நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் அறத்தை முதற்கண் வைத்தமை கருதத்தக்கது. பிறனொருவன் நெஞ்சில் நிகழ்வதை அறியாதவன் அவனுக்கு அறம் செய்வது எங்ஙனம்? அவ்வறிவைத் தருவதே இலக்கியத்தின் தலையாய பயன் என்பது என் கருத்து. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு.

லெனாட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர் 1904ஆம் ஆண்டில் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கடமையாற்றியபின், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். உப்புச் சேகரிப்பு, சேனைப் பயிருக்கு அனுமதி, மாட்டுக் கொள்ளைநோய்த் தடுப்பு ஆகிய யாவும் அவர் பொறுப்பாயின. நீதவானாக அமர்ந்து வழக்குகளையும் விசாரித்தார். கண்டிப்பான அதிகாரி என்றே அவரை மக்கள் அறிந்திருந்தனர்.

அக்கால விதிப்படி, தாம் ஆற்றிய கருமங்களை அவர் நாட்குறிப்பாக எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பி வந்தார். பிற்காலத்தில் அவை நூலாகவும் வெளிவந்தன. வரலாற்று மாணவருக்கு அவை அரிய செல்வம். ஆயினும், அவற்றில் நாம் காண்பது பெரிதும் ஆள்பவரின் பார்வையையே.

1912இல் பதவியைத் துறந்த வூல்ஃப், மறு ஆண்டு ஒரு நாவலை வெளியிட்டார். காட்டினுள் அமைந்த கிராமம் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்டது அது; சிங்கள வாசகர் அதனைப் ‘பெத்தேகம’ என அறிவர். அதன் தலைமகன் சிலிந்து, வேட்டையும் சேனையுமே அறிந்த ஏழை. ஊர்த்தலைவனும் வெளியூரிலிருந்து வந்த முதலாளியும் செய்த சூழ்ச்சியால், அவன் மருமகன் பொய்த் திருட்டு வழக்கில் சிறை செல்கிறான். பொறுமை இழந்த சிலிந்து அவ்விருவரையும் சுட்டுக் கொல்கிறான்.

இத்தகைய நிகழ்ச்சி நாட்குறிப்பில் இடம்பெற்றிருப்பின் ஓரிரு வரிகளில் முடிந்திருக்கும். நாவலிலோ, அந்த வெடி தீருமுன் அவன் பசியையும் கடனையும் அச்சத்தையும் நாம் நெடுநேரம் உடனிருந்து காண்கிறோம். நீதவானின் ஆசனத்திலிருந்து மக்களை நோக்கிய அதே மனிதர், இங்கே கூண்டில் திகைத்து நிற்பவனின் பக்கம் நின்று நீதிமன்றத்தை நோக்குகிறார்.

கொலை கொலையே, நாவல் அதனை மறைக்கவில்லை. ஒருவன் செயலை விளங்கிக்கொள்வது வேறு, அதற்கு உடன்படுவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே பிறர்க்கு நடுநிலையோடு நீதி வழங்க வல்லார்.

வூல்ஃப் பின்னர் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதினார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் நீதி கோரி இலண்டன் சென்ற டி. பி. ஜயதிலக்கா, ஈ. டபிள்யூ. பெரேரா ஆகியோருக்கும் துணை நின்றார். இம்மாற்றம் ஒரு நாவலால் மட்டும் விளைந்தது எனல் மிகையாகும். எனினும், ஆளப்படுவோரின் கண்கொண்டு காணும் பழக்கம் அதில் வெளிப்படையாகத் தெரிகின்றது.

ஆங்கிலேயர் ஒருவர் சிங்களக் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதிய கதை இது. ஆயினும், வன்னியில் வறண்ட குளத்தையும் தீராக் கடனையும் கண்டவர் எவருக்கும் சிலிந்து அந்நியன் அல்லன். மொழியால் பிரிந்து நிற்கும் நாம், ஒருவர் கதையை மற்றவர் மொழியில் படிக்கத் தொடங்குவோமாயின், அயலாரைப் பற்றி நாம் கொண்டுள்ள தீர்ப்புகளுள் பல மறு விசாரணைக்கு வரும்.